திறனுக்குப் பட்டம், வாரத்துக்குப் பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

திறன் அடிப்படையிலான உயர்கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1997இல் அமெரிக்க மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தை மெச்சியிருந்தது. பாடத்தில் தேறிவிட்டதைக் காட்டினால் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படிப்புக்கான பணம் எப்படி வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் நிதியுதவிப் பிரிவில் வேலை பார்ப்பதால் எழுதுகிறேன்.

அமெரிக்க மத்திய அரசு மாணவர்களுக்குத் தரும் உதவி பெரும்பாலும் கிரெடிட்டையும் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) வாரத்தையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நேரத்தைப் பார்க்காமல் திறனை நேரடியாக மதிப்பிடும் படிப்புகளுக்கும் உதவி தரலாம் என்ற சட்டம் 2006 பிப்ரவரியில் கையெழுத்தானது. அந்த வழியில் முதல் அனுமதி கிடைத்ததோ 2013இல், சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்கு. அப்போதும் ஒவ்வொரு திறனும் எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று கல்லூரி கணக்குக் காட்டியாக வேண்டும்.

செமஸ்டர் முறை இல்லாத படிப்பில், ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் மானியத்தின் அடுத்த தவணைக்கு வழக்கமாக 12 கிரெடிட் முடிந்திருக்க வேண்டும், 15 வாரமும் ஓடியிருக்க வேண்டும். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி எட்டே வாரத்தில் முடித்துவிட்டால்? மிச்ச வாரங்கள் ஓடும்வரை அடுத்த தவணை வராது. மெதுவாகப் படிக்கிறவருக்கு வாரம் ஓடிவிடும், கிரெடிட் நிற்கும். அவருக்கும் பணம் நிற்கும். 'உன் வேகத்தில் படி' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பல வருஷம் வேலை பார்த்துக் கற்றதைத் தேர்வெழுதி நிரூபிப்பவருக்கு, அந்தக் கிரெடிட்டுகளுக்காக மத்திய உதவி கிடையாது. கல்லூரி சொல்லிக்கொடுத்ததற்கு மட்டுமே பணம். இந்தப் படிப்பு யாருக்காக என்று பேசுகிறார்களோ, அவர்களுக்கே அது பயன்படாமல் போகிறது.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாணவர்களில் பாதிப்பேர் அஞ்சல்வழியில் படித்தால் அந்தக் கல்லூரிக்கு உதவி இல்லை என்ற விதி 1992இல் வந்ததற்குக் காரணம், பட்டம் விற்ற கடைகள். அதே விதியைக் காட்டித்தான், ஆசிரியர்–மாணவர் தொடர்பு போதாது, ஆகவே இதுவும் அஞ்சல்வழிப் படிப்புதான் என்று 2017இல் கல்வித் துறையின் தணிக்கைப் பிரிவு வெஸ்டர்ன் கவர்னர்ஸ் 71.3 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்றது. 2019 ஜனவரியில் கல்வித் துறையே அதை ஏற்காமல் விட்டது. தணிக்கையாளர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், பட்டம் வாங்கியவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், தவணை வராததால் நடுவில் நின்றுபோனவர்களிடமும் பேசிவிட்டு எழுதட்டும்.

– ஒரு வாசகர், நியூ ஜெர்சி