ஏலத்துக்கு முன்னால் எங்களுக்கும் ஒரு நகல்

நிலத்தடிக் கனிமத்தை மதிப்பிட்டு ஏலத்துக்கு அனுப்பும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலம் 2025 ஜனவரி 23-இல் ரத்தானதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தோம். அதே 2025 செப்டம்பரில் மத்திய அரசிடமிருந்து வந்த உத்தரவைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அணுக் கனிமம், டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமம் என்றால், சுரங்கம் தோண்ட மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டமே இனி வேண்டாமாம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். மதிப்பீட்டு அறிக்கையை, ஏலத்துக்கு முன்னால், தமிழில், சர்வே எண்களோடு கிராம சபையில் வையுங்கள்.

சர்வே எண்ணுக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்று கேட்பீர்கள். 2024 நவம்பரில் ஏல முடிவு வந்தபோது, என் சித்தப்பா, தன் மகள் கல்யாணத்துக்காக முப்பது சென்ட் ஒருபோக வயலை விற்க அட்வான்ஸ் வாங்கியிருந்தார். வாங்க வந்தவர் ஒரு சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "தப்பா நினைக்காதீங்கண்ணே, வயக்காடு கோட்டுக்கு உள்ள வருதா, வெளிய வருதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. ஏலப் பகுதியின் எல்லைக் கோட்டைக் காட்டி, கைக்குக் கிடைத்த வரைபடம் ஆங்கிலத்தில், டிகிரி, நிமிடம், விநாடிக் கணக்கில் இருந்தது. எந்தப் பட்டாவில் ஐயா அட்சரேகை இருக்கிறது? நானும் தம்பியும் போனைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து பார்த்தோம். நீலப் புள்ளி ஒரு தடவை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றது, மறு தடவை அந்தப் பக்கம். அட்வான்ஸ் திரும்பிப் போனது. கல்யாணம் வட்டிக் கடனில் நடந்தது. ஏலம் ரத்தான செய்தி வந்தது. அந்த மனிதர் திரும்ப வரவில்லை.

2,015 ஹெக்டேரை ஏலம் விட்ட பிறகுதான், அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் 193 ஹெக்டேர் இருக்கிறது, எல்லையை மறுபடி ஆராயுங்கள் என்று டிசம்பரில் டெல்லி சொன்னது. அந்தத் தலத்தை மாநில அரசு அறிவித்தது 2022-இல். மலையில் சமணர் படுக்கை இருக்கிறது, தமிழி எழுத்து இருக்கிறது, பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பூமிக்கு அடியில் இருப்பதை முழுசாகச் சொல்ல முடியாது என்பது எங்களுக்கும் புரிகிறது. கிணறு வெட்டுகிறவர்கள்தானே நாங்கள். கர்நாடகாவின் மண்டியாவில் லித்தியம் 14,100 டன் என்று 2020-இல் செய்தி வந்தது. அடுத்த வருஷமே 1,600 டன் என்றார்கள். ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று 2023-இல் நாடே கொண்டாடியது. ஏலம் விட்டால் போதிய ஆள் வரவில்லை. அந்த 59 லட்சமும் தாதுவின் எடை, லித்தியத்தின் எடை இல்லை என்பதைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்களோ! முதல்கட்டமான ஜி4 ஆய்வோடேயே தேடிப் பார்க்கவும் பிறகு தோண்டவும் சேர்த்துத் தரும் கூட்டு உரிமத்துக்கு ஏலம் விட விதி இடம் தருகிறது. கம்பெனிக்கு அது சும்மா ஒரு பந்தயம். தோற்றால் அடுத்த பிளாக்குக்குப் போய்விடலாம். நாங்கள் எந்த பிளாக்குக்குப் போவது?

இந்தக் கனிமமெல்லாம் பசுமை ஆற்றலுக்குத்தான் என்கிறார்கள். அதற்கு நாங்கள் எதிரி இல்லை. காற்றாலையும் சோலாரும் வரட்டும். ஆனால் துளையிடும் கருவிக்கும் பீரங்கிக் குண்டுக்கும் போகிற டங்ஸ்டனையும் அதே பச்சைத் துணியில் மூடிக்கொண்டு வந்தால் சிரிப்பதா, அழுவதா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஏலத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7-இல் மதுரை தல்லாகுளம் வரை நடந்து வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். இன்னொரு தடவை நடக்க ஆசை இல்லை. எந்த நிலையில் ஆய்வு நிற்கிறது, எத்தனை இடத்தில் துளை போட்டீர்கள், கண்மாயும் ஊற்றும் கோட்டுக்கு எந்தப் பக்கம், எந்தெந்த சர்வே எண் உள்ளே வருகிறது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருக்கட்டும். ஏலத்துக்கு முன்னால் கிராம சபையில் வாசியுங்கள். பிறகு ஒரு நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவன்