அழுத்த அழுத்தப் பெரிதாகும் பட்டன்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நீ அனுப்பிய பள்ளி வருகைப் பதிவு எக்செல் ஃபைலையும் பார்த்துவிட்டேன். அழுத்த அழுத்தப் பட்டன் பெரிதாவது, ஒரு செக்பாக்ஸை டிக் செய்தால் எல்லாமே டிக் ஆவது, ஒரு வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தால் பக்கத்து வகுப்பின் தேர்வு அழிவது, ஷீட்டைப் பூட்டினால் எர்ரர் வருவது, பட்டன்கள் காணாமல் போவது என்று நீ சொன்ன கோளாறுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அலுவலகத்தில் இருப்பவர்கள் தவறாக அழுத்துகிறார்கள் என்று தயவுசெய்து நினைக்காதே. அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

எதையும் தொடுவதற்கு முன் கன்ட்ரோல் (ஷீட்டில் போடும் பட்டன், செக்பாக்ஸ் போன்றவை) எந்த வகை என்று பார். டெவலப்பர் டேபில் இன்சர்ட்டை அழுத்தினால் மேலே ஃபார்ம் கன்ட்ரோல்கள், கீழே ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோல்கள். ஷீட்டில் போட்டபின் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ரைட் கிளிக் செய்து 'அசைன் மேக்ரோ' வந்தால் ஃபார்ம் வகை. ஒன்றும் வராவிட்டால் அதே டேபில் உள்ள டிசைன் மோடைப் போட்டு அதைத் தேர்ந்தெடு. ஃபார்முலா பாரில் 'எம்பெட்' என்று தொடங்கும் வரி இருந்தால் ஆக்டிவ்எக்ஸ். பார்த்ததும் டிசைன் மோடை எடுத்துவிடு, இல்லையென்றால் அந்தப் பட்டன் அழுத்தினாலும் வேலை செய்யாது.

உன் ஷீட்டில் பெரிதாகிற பட்டன்கள் எல்லாம் ஆக்டிவ்எக்ஸ். லேப்டாப் திரை 150 சதவீத ஸ்கேலிங்கிலும் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அளவு), நீங்கள் மாட்டும் புரொஜெக்டர் 100 சதவீதத்திலும் இருந்தால், திரை மாறும்போது பட்டன் தன் அளவைத் தப்பாகக் கணக்கிடுகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் பட்டன் பெரிதாகும், அல்லது எழுத்து மட்டும் சுருங்கும். உடனடி நிவாரணம், இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேலிங் வைப்பது. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் போய், பல திரைகளுக்கான இடத்தில் 'ஆப்டிமைஸ் ஃபார் கம்பாட்டிபிலிட்டி' தேர்ந்தெடுத்து எக்செல்லை மூடித் திறந்தாலும் பலன் உண்டு. பட்டனை அழுத்தினால் ஓடும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோவின் கடைசியில், பட்டனின் உயரம், அகலம், இடப்பக்க இடம், மேற்பக்க இடம் நான்கையும் மறுபடி எழுதிவைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நோய் அப்படியே இருக்கும்.

ஆக்டிவ்எக்ஸை விட்டுவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2014 டிசம்பரில் வந்த ஆபீஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு ஏராளமான ஷீட்களில் இந்தப் பட்டன்கள் நின்றுபோயின. டெம்ப் ஃபோல்டரில் இருந்த இ.எக்ஸ்.டி எனும் தற்காலிக ஃபைல்களை அழித்தபின்தான் அவை மீண்டும் ஓடின. 2025-இல் மைக்ரோசாஃப்ட் 365-இன் 2504 பதிப்பிலிருந்து ஆக்டிவ்எக்ஸ் எதுவும் சொல்லாமலேயே முடக்கப்பட்டு வருகிறது. எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் அதைத் திறந்துவிட முடியும். ஆனால் வெளியிலிருந்து ஃபைல்கள் வரும் பள்ளி அலுவலகக் கணினியில் அதைச் செய்யாதே. மேக் கணினியில் இந்த வகை ஓடவே ஓடாது.

ஆகவே ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டனையும் ஃபார்ம் வகைக்கு மாற்று. பழைய பட்டனின் கோடு (அதை இயக்கும் நிரல்) அந்த ஷீட்டின் மாட்யூலில், அதாவது நிரல் எழுதும் பக்கத்தில், 'பிரைவேட் சப்' என்று இருக்கும். அதைச் சாதாரண மாட்யூலுக்கு நகர்த்தி, 'பிரைவேட்' என்ற சொல்லை எடுத்துவிடு; அது இருந்தால் அசைன் மேக்ரோ பட்டியலில் பெயர் வராது. கோடில் 'மீ' என்று இருக்கும் இடங்களில் அந்த ஷீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடு, இல்லாவிட்டால் எர்ரர் வரும்.

ஒரு செக்பாக்ஸை டிக் செய்தால் எல்லாமே டிக் ஆவது வேறு கதை. அவை ஃபார்ம் வகைதான். ஒன்றைக் காப்பி செய்து கீழே ஒட்டினால் அதன் செல் லிங்க் (டிக் செய்தது பதிவாகும் செல்லின் முகவரி) வரிசைக்கு ஏற்ப மாறுவதில்லை. எல்லாம் முதல் செல்லையே பிடித்துக்கொண்டிருக்கும். ஃபார்மட் கன்ட்ரோலில் கன்ட்ரோல் டேபைத் திறந்து பார், எல்லாவற்றிலும் ஒரே முகவரிதான் இருக்கும். ஒவ்வொன்றாக மாற்றி உட்கார்ந்திருக்காதே. ஷீட்டிலுள்ள செக்பாக்ஸ்களை ஒரு மேக்ரோவில் லூப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக) எடுத்து, ஒவ்வொன்றின் இடது மேல் மூலை எந்த செல்லில் இருக்கிறதோ அதற்கு அடுத்த செல்லை லிங்க்காகக் கொடுத்தால் போதும். எல்லோரிடமும் புதிய 365 இருந்தால் இன்னும் எளிது: இன்சர்ட் டேபிலேயே செக்பாக்ஸ் இருக்கிறது, அது செல்லுக்குள்ளேயே வாழ்கிறது, இழுத்து நிரப்பலாம், வரிசைகளை மாற்றி அடுக்கினாலும் தன் வரிசையோடு போகும். பழைய எக்செல்லில் திறந்தால் ட்ரூ, ஃபால்ஸ் என்ற எழுத்தாகத் தெரியும், அவ்வளவுதான்.

காலை, மாலை ஆப்ஷன் பட்டன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்து வகுப்பின் தேர்வு அழிவதற்குக் காரணம், குரூப் பாக்ஸ் இல்லாதது. அது இல்லாவிட்டால் ஷீட் முழுவதும் ஒரே குழு. ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் ஒரு குரூப் பாக்ஸ் போடு. பட்டனின் விளிம்பு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது குழுவில் சேராது.

ஷீட்டைப் பூட்டியதும் வரும் எர்ரருக்கு, லிங்க் செல்களை மட்டும் ஃபார்மட் செல்ஸில் புரொடக்‌ஷன் போய் 'லாக்டு' நீக்கிவிட்டுப் பூட்டு. கன்ட்ரோல் அந்தச் செல்லில் எழுத முயன்று முடியாமல்தான் எர்ரர் வருகிறது.

எல்லா பட்டனும் திடீரென்று காணாமல் போனது என்றாயே, யாரோ கீபோர்டில் Ctrl விசையோடு 6-ஐத் தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். மறுபடி அழுத்து, வந்துவிடும்.

செக்பாக்ஸ் லூப்பை நீயே எழுதிப் பார், பிரதியை அனுப்பு, நான் சரிபார்க்கிறேன். மகள் எந்தத் தேதியில் விடுதிக்குப் போகிறாள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்