மந்தி விழுந்ததை வந்து சொன்னவர்களுக்கு

கூடலூர், மசினகுடி, முதுமலை ஓரத்துப் பாடிகளிலும் காலனிகளிலும் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு,

வணக்கம். மழை இறங்கிவிட்டது. டிசம்பரில் தொடங்கிய உண்ணிப் பருவம் இத்தோடு ஓய்கிறது. உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சலின் கண்காணிப்பில் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்ல இந்த மடல். நீங்கள் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பது உங்களில் பலருக்கே தெரிந்திருக்காது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, குரங்கு செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் கை வைக்காமல், புதைக்காமல், நேரே வந்து சொன்னவர்களுக்கு. விறகு பொறுக்கப் போன அக்காமார், தேனெடுக்கப் போன அண்ணன்மார், வேட்டைத் தடுப்புக் காவலர்கள். 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் இந்த நோய் முதலில் வெளிப்பட்டபோதும் குரங்குகளின் சாவுதான் எச்சரிக்கையாக வந்தது. கருமுக மந்தியும் நாட்டுக் குரங்கும் இந்த வைரஸைத் தாங்காது. செத்த குரங்கின் உடம்பு குளிரக் குளிர அதில் ஒட்டியிருந்த உண்ணிகள் இறங்கிச் சருகில் காத்திருக்கும். 2012 கடைசியில் பந்திப்பூரில், செத்த குரங்குகளைக் கையாண்ட பணியாளர்களுக்கே காய்ச்சல் வந்தது. அந்தப் பருவத்தில் நீலகிரிப் பக்கத்துக் குரங்குகளிலும் வைரஸ் உறுதியானது.

தகவல் ஒரு நாளுக்குள் வர வேண்டும் என்று நாங்கள் நச்சரித்ததற்குக் காரணம் உண்டு. சோதனைக்கு எடுக்கும் மூளை, ஈரல், மண்ணீரல் அழுகிவிட்டால் வைரஸின் மரபுப்பொருளும் சிதைந்துவிடும். அப்போது 'வைரஸ் இல்லை' என்று முடிவு வந்தாலும் நம்ப முடியாது. நோய் இருந்தும் தெரியாமலே போவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. பக்கத்து மரத்தில் துணி கட்டி அடையாளம் வைத்துவிட்டு வந்தவர்களால் எவ்வளவு நேரம் மிஞ்சியது! வனக் கால்நடை மருத்துவர் இரட்டைக் கையுறையும் முகக்கவசமும் போட்டு மாதிரி எடுத்து, உடலை எரித்து, சுற்றிலும் மாலத்தியான் பூச்சிமருந்துத் தூள் தூவி முடிக்கும்வரை ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடாமல் காத்தவர்களுக்கும் நன்றி. ஓடைக்கரையில் தூளைத் தூவவிடாமல் தடுத்த பெரியவர் செய்தது மிகச் சரி. அது தண்ணீரில் இறங்கினால் மீன் செத்துவிடும்.

உண்ணி பிடிக்க வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மேல் இழுத்துக்கொண்டு எங்களோடு நடந்த தம்பிகளுக்கு அடுத்த நன்றி. பனி காயும் முன் இழுத்தால் துணி நனைந்துவிடும், உண்ணி ஒட்டாது. வேகமாக இழுத்தாலும் நழுவிவிடும். சில அடிக்கு ஒருமுறை துணியைப் புரட்டி, எள்ளளவுகூட இல்லாத இளம் உண்ணிகளைச் இடுக்கியால் எடுத்து, ஈரப் புல் போட்ட குப்பியில் உயிரோடு சேர்த்தார்கள். நம்மைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இளம் உண்ணிதான், கடித்தாலும் வலிக்காது. உடம்பில் ஏறிய உண்ணியை நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் வைக்கக் கூடாது, தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும் என்பதை இப்போது அவர்களே மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள்.

ஜீப் ஓட்டுநர்களுக்கும், கேட்ட நேரத்தில் ஐஸ் கொடுத்த மீன்கடைக்காரர்களுக்கும் நன்றி. மாதிரிப் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ரத்தக் குழாய் நேரே ஐஸில் பட்டு உறைந்தால் சிவப்பணு உடைந்து மாதிரி கெட்டுவிடும். வழியில் எங்கேயும் மூடியைத் திறக்காமல் கொண்டு சேர்த்தீர்கள்.

கிராமச் சுகாதாரச் செவிலியர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் வேறு. அது பாக்டீரியா, டாக்சிசைக்ளின் கொடுத்தால் கேட்கும், கருகிய பொருக்கு ஒன்று உடம்பில் எங்காவது ஒளிந்திருக்கலாம். குரங்குக் காய்ச்சல் வைரஸ். அதற்கென்று மருந்து இல்லை, நீர்ச்சத்தும் கவனிப்பும்தான். டெங்கு, எலிக் காய்ச்சல் என்று ஒதுக்கிவிடாமல் 'காட்டுக்குப் போனீர்களா, குரங்கு செத்ததா' என்று கேட்டு, முதல் வாரத்திலேயே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். அந்த வாரத்தில்தான் வைரஸையே தேடும் பிசிஆர் சோதனை நன்றாகப் பிடிக்கும். பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேட வேண்டும். காய்ச்சல் விட்டுப் போன வீட்டுக்கும் மூன்றாவது வாரம் மறுபடி நடந்தார்கள். சிலருக்கு அப்போது தலைவலி, கழுத்து இறுக்கம், நடுக்கத்தோடு இரண்டாம் சுற்று வரும். ஏற்றத்தில் ஏறி அந்த இரண்டாவது நடை நடந்த கால்களுக்கு எங்கள் வணக்கம்.

மாட்டுப் பட்டிக்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். மாட்டுக்கு இந்த நோய் வராது. ஆனால் வளர்ந்த உண்ணி மாட்டு ரத்தத்தைக் குடித்துத்தான் பெருகுகிறது. உண்ணியை ஒழிக்க ஐவர்மெக்டின் 1 சதவீத மருந்து 50 கிலோ எடைக்கு 1 மில்லி, தோலுக்கடியில் ஊசி. கறவை மாட்டுக்கு வேண்டாம், பாலில் இறங்கும் என்றதும் அவற்றுக்குக் கையாலேயே உண்ணி பொறுக்கினீர்கள். தொழுவத்தில் பரப்பக் காட்டுச் சருகு அள்ளுவதையும் பருவம் முழுக்க நிறுத்தி வைத்தீர்கள். செலவும் சிரமமும் உங்களுக்குத்தான் என்பது எங்களுக்குத் தெரியும்.

உண்ணி அண்டாமலிருக்கப் பூசும் டீபா எண்ணெயில் மிச்சமிருக்கும் புட்டிகளை வெயில் படாத இடத்தில் வைத்து, தேதி பார்த்து, நவம்பர் கடைசியில் செவிலியரிடம் காட்டுங்கள். தேதி கடந்ததற்கு மாற்றுப் புட்டி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். துணி இழுக்க வர விரும்பும் தம்பி தங்கைகள் அப்போதே பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
குரங்குக் காய்ச்சல் களப் பணியாளர்கள்,
கூடலூர்