பெரிய கோயிலில் மோதிய கருவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தை வியந்து தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், 1808ஆம் ஆண்டு அங்கே நேர்ந்த விபத்து இடம்பெறாதது ஒரு குறையே. 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (மற்றத் தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோடு) அளந்து நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், சுற்றிலும் வயல்வெளியாகக் கிடந்த தஞ்சையில் வேறு மேடான இடம் அமையாததால், தொலைதூரக் குறிகளை நோக்கிக் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டிக் கோயிலின் உச்சிக்கு ஏற்ற முனைந்தார். பாதியில், அது சுவரில் படாமல் விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோத, கோண அளவுகள் பொறித்த 36 அங்குல வட்டம் நெளிந்துபோயிற்று.

லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி, மொரீசியஸ் சென்று மீண்ட அதே கருவிதான் இது! புதியது வர ஆண்டுக்கணக்காகும் என்பதால், லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு, ஆப்பு, திருகாணி, கப்பி ஆகியவற்றைக் கொண்டு வட்டத்தை இம்மி இம்மியாக இழுத்து, ஆறு வாரங்களில் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். இமயம் வரை நீண்ட அளவைப் பணியில் அக்கருவி அதன்பின்னும் பல்லாண்டுகள் உழைத்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.