சுவரில் படம் இருக்கிறது, சோப்பு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் குழந்தைகள் நலப் பக்கத்தில் ஒரு வரி: 'தாய் சுத்தமாக இருந்தால் பிள்ளை வயிற்றில் கிருமி அண்டாது.' கொட்டை எழுத்தில், கட்டம் கட்டி. எழுதியவருக்கு வணக்கம். அவர் வீட்டில் அப்பா, தாத்தா, அண்ணன், தம்பி யாருக்கும் கையே கிடையாது போலிருக்கிறது.

என் மகளுக்கு இரைப்பைப் புண் வந்து, எண்டோஸ்கோபியில் அதற்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று தெரிந்தபோது சொந்தபந்தம் மொத்தமும் என்னைத்தான் கேட்டது, "பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்தே?" என்று. அதே வீட்டில் அவள் தாத்தா பல வருஷமாக அல்சர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வந்தது டென்ஷனாலாம்! அந்த டென்ஷன் கதையை நீங்களும் விடாமல் போடுகிறீர்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமி என்று காட்ட, ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்துப் பார்த்தது 1984இல். அவருக்கும் அவரோடு சேர்ந்து அதைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு 2005இல். தங்களுக்குத் தெரியாததா?

தாத்தாமேல் பழி போடவில்லை. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்தான் தொற்றுகிறது. வாந்தி, எச்சில், மலம் பட்ட கை என்று வழிகள் பல. இடநெருக்கடி இருந்தால் இன்னும் சுலபம். கிருமி இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, அப்புறம் யாரிடமிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது?

வயிற்றுவலி என்றாலே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறது உங்கள் கட்டுரை. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் கிருமி இப்போதும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் எதற்கு இருக்கின்றன? அந்த ரத்த ரிப்போர்ட்டை நம்பி ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாருங்கள். பொடித்த மாத்திரையை நம் சட்டைமேலேயே துப்பிவிட்டு வாயை இறுக்கிக்கொள்ளும்போது தெரியும்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி மட்டும் கட்டுரையில் மூச்சே இல்லை. சீதபேதி தரும் ஷிகெல்லா நூறு கிருமிக்கும் குறைவாக உள்ளே போனாலே போதும். கழிப்பறைத் தாழ்ப்பாளையும் குழாய்த் திருகையும் எத்தனை கைகள் தொடுகின்றன! மகள் படித்த பள்ளியில் 'சோப்புப் போட்டுக் கை கழுவவும்' என்று வண்ணப்படம் ஒட்டியிருந்தார்கள். கீழே சோப்புப் பெட்டியில் காய்ந்த வெள்ளைத் தடம் மட்டும். கேட்டால், பிள்ளைகள் வீணாக்குகிறார்களாம். ஒரு வகுப்பில் வரிசையாகப் பேதி ஆனதும் சுற்றறிக்கை வந்தது, 'அன்னையரே, வீட்டில் சுகாதாரம் பேணுங்கள்' என்று. அப்போதும் உங்களுக்கு எழுதினேன். இடமில்லாமல் போயிருக்கும். அந்த இதழில் கை கழுவும் திரவ விளம்பரமே ஒரு முழுப் பக்கம் ஆயிற்றே.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே கட்டத்தில், அதே எழுத்தளவில், 'வீட்டிலுள்ள எல்லோரும்' என்று திருத்திப் போடுங்கள். இடம் மிஞ்சினால் 'பள்ளியும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி