மக்கும் பை ஏன் முறிகிறது?

ஆசிரியர் அவர்கட்கு,

மக்கும் சொப்பிங் பை இரண்டு தேங்காயைக்கூடத் தாங்காது என்று சந்தையில் சலித்துக்கொள்கிறார்கள். நியாயமான முறைப்பாடுதான். பெரும்பாலும் அது கலக்கும்போதும் உலர்த்தும்போதும் விடப்படும் பிழை.

சோளம், மரவள்ளி மாப்பொருளிலிருந்து பெறும் பொலிலக்ரிக் அமிலம் (பீ.எல்.ஏ.) விறைப்பானது. இழுத்தால் 5 சதவீதமளவு நீண்டதுமே முறிந்துவிடும். பீ.பீ.ஏ.ரி. என்ற இன்னொரு மக்கும் பல்பகுதியம் (நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளாலான பொருள்) பல மடங்கு நீளும், ஆனால் தொய்யும். எனவே இரண்டையும் கலக்கிறார்கள். தட்டு, கரண்டி போன்றவற்றுக்கு 100 கிலோவில் 20 கிலோ பீ.பீ.ஏ.ரி. போதும். பைக்கு அதுவே பெரும்பங்காக வேண்டும். விலை கூடியது என்று அதைக் குறைத்தால் பை கிழியத்தான் செய்யும்.

இவை இரண்டும் ஒன்றிலொன்று கரையா. தண்ணீரில் நல்லெண்ணெய்போலத் துளிகளாகப் பிரிந்து நிற்கும். துளி பெரிதானால் பிடிப்பின்றிக் கழன்று, அந்த இடத்திலிருந்தே வெடிப்பு ஓடும். எபொக்சி கொண்ட சங்கிலி நீட்டி என்ற இணைப்புப் பொருளை 0.3 முதல் 0.5 சதவீதம் சேர்த்தால் இரண்டின் சங்கிலி முனைகளையும் அது கோத்துத் துளிகளைச் சிறிதாக்கும். அளவு மீறினால் பை செய்யும் மென்தாளில் சவ்வரிசிபோலக் கட்டி விழும்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய எதிரி ஈரம். பீ.எல்.ஏ. மணிகளை 80 பாகை செல்சியசில் 4 மணித்தியாலம் உலர்த்தி, ஈரத்தைப் பத்து இலட்சத்தில் 250 பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும். பீ.பீ.ஏ.ரி.க்கு 65 பாகை போதும். கார்த்திகை மழையில் வாய் திறந்து கிடந்த சாக்கை அப்படியே இயந்திரத்தில் கொட்டினால், உருகும்போது நீர் மூலக்கூற்றுச் சங்கிலிகளை வெட்டிவிடும். உருகல் தண்ணியாக ஓடும். பை பிறக்கும்போதே முறிவு அதனுள் இருக்கும். உருக்கும் சூடு 170 முதல் 190 பாகை. 210ஐத் தாண்டினால் சூடே சங்கிலியை அறுக்கும்.

மாப்பொருளையே கிளிசரீன் சேர்த்து நெகிழ்த்திப் பை செய்வது மலிவான வழி. சில வாரங்களில் அது மேலே கசிந்து பிசுபிசுக்க, பை மறுபடி விறைக்கும்.

இன்னொன்று: பீ.எல்.ஏ. பையை யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் வீசினால் விரைவில் மக்காது. அதற்கு 58 பாகையளவு சூடு நிலைக்கும் பெரிய கூட்டெருக் குவியல் வேண்டும். (சோற்றுப் பொதிக்கு வாழையிலை இருக்க, இந்தத் தொல்லையே தேவையில்லை.)

மொத்தமாக வாங்கும் கடைக்காரர் விநியோகத்தரிடம் கலவை விகிதத்தையும் உற்பத்தித் திகதியையும் கேட்டு வாங்கட்டும். தகரக் கூரையின்கீழ் மாதக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்தால், சரியாகக் கலந்த பையும் முறியும்.

பல்பகுதியத் தொழில்நுட்பவியலாளர்,
கோண்டாவில்.