நந்தினிக்கு என்ன தோட்டா வாங்குவது?

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. வாட்ஸப்பில் நாலு வரி தட்டிவிட்டால் முடிகிற காரியத்துக்கு இன்னும் பேனாவைத் திறக்கிற ஆள் இந்த ஜில்லாக்களில் நீ ஒருத்தன்தான் இருப்பாய். அதனால் நானும் பேனாவிலேயே பதில் எழுதுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் கமலாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

உன் மகள் நந்தினி துப்பாக்கி சுடுதலில் ஏர் ரைஃபிளிலிருந்து .22 தோட்டா போட்டுச் சுடுகிற 50 மீட்டர் போட்டிக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த பாராவிலேயே, ஜெர்மனியில் படிக்கிற உன் மகன் அருண் டிசம்பரில் மாக்டெபர்கிலிருந்து வரும்போது, பின்லாந்துக் கம்பெனியான லாபுவாவின் தோட்டாவை ரெண்டு பெட்டி பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாயே, நீ தெரிந்துதான் எழுதினாயா? மறந்தும் சொல்லிவிடாதே. பைக்குள் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக ஏர்போர்ட்டில் மாட்டி, ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, கோர்ட் வாசலில் நின்றவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாத பையனுக்கு ஜெர்மனியில் எந்தக் கடைக்காரனும் விற்கவும் மாட்டான். லைசென்ஸும் பர்மிட்டும் கையில் வைத்திருக்கிற வீரர்களே வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும்போது விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி, செக்-இன் பெட்டியில் ஆளுக்கு 5 கிலோவுக்குள்தான் எடுத்துப் போக முடியும். 500 தோட்டா உள்ள ஒரு பிரிக் பெட்டியோடு சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ வரும். மிஞ்சிப்போனால் ரெண்டு பிரிக், மேலே கொஞ்சம். நந்தினிக்கு வேண்டியது ரைஃபிள் அசோசியேஷன் வழியாகவோ கிளப் வழியாகவோ முறையாக வரட்டும். தாமதமாகும், ஆகட்டும்.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்குத்தான் சிரித்துவிட்டேன். "பின்லாந்து தோட்டா ஜெர்மனியில் கிடைக்குமா?" என்றாய். மாப்ளே, அந்தப் பின்லாந்துத் தோட்டா பிறப்பதே உன் மகன் படிக்கிற ஊருக்குப் பக்கத்தில்தான். மாக்டெபர்கிலிருந்து தெற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் எல்ப் ஆற்றங்கரையில் ஷோனபெக் என்று ஒரு சின்ன ஊர். லாபுவாவின் .22 தோட்டாக்கள், மிடாஸ் பிளஸ், சென்டர்-எக்ஸ் எல்லாம், அங்கேதான் தயாராகின்றன. எஸ்.கே. என்ற பெயரில் கொஞ்சம் விலை குறைவாக வருகிறதே, ஸ்டாண்டர்டு பிளஸ், ரைஃபிள் மேட்ச் என்று, அதுவும் அதே ஆலைதான். அங்கே 1829-லேயே செல்லியே பெல்லோ கம்பெனி ஒரு தொழிற்சாலை போட்டது. அப்புறம் கிழக்கு ஜெர்மனி காலத்தில் அரசாங்க ஆலையாக ஓடியது. ஜெர்மனி ஒன்றான பிறகு 1992-ல் லாபுவா அதை வாங்கியது. பெட்டியில் பின்லாந்துக்காரன் பெயர், உள்ளே இருப்பது முன்னாள் கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. அதற்காகத் தரம் குறைவு என்று நினைத்துவிடாதே, உலகக் கோப்பைகளில் சுடுகிறவர்கள் வாங்குகிற தோட்டா அது.

லாபுவா என்பது பின்லாந்தில் ஓர் ஊரின் பெயர். 1923-ல் அரசாங்கம் அங்கே தோட்டா ஆலை தொடங்கியது. 1976 ஏப்ரல் 13 அன்று அந்த ஆலையில் வெடிவிபத்து நடந்து 40 பேர் செத்துப் போனார்கள், பெரும்பாலும் பெண்கள். சாத்தூர், சிவகாசிப் பக்கம் இருக்கிற உனக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஊர்ப்பெயரை நம்பாதே என்று சொல்ல வந்தேன். மெக்சிகோவில் குவெர்னவாகாவில் தயாராகிற அகிலா தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிற தீப்பற்றும் மருந்து, இங்கிலாந்து ஈலி கம்பெனியின் முறையில் அனுமதி வாங்கிப் போடுவது. கொஞ்ச காலம் அமெரிக்க ரெமிங்டன் பெட்டிக்குள்ளேயே ஈலி தோட்டா வந்துகொண்டிருந்தது. ஆர்.டபிள்யூ.எஸ். தோட்டா ஜெர்மனியில் ஃபூர்த் ஊர்ச் சரக்குதான், ஆனால் 2022-லிருந்து முதலாளி இத்தாலியின் பெரெட்டா. இத்தாலியின் ஃபியோக்கியும், அமெரிக்காவின் சி.சி.ஐ., ஃபெடரலும் இன்றைக்கு ஒரே செக் நாட்டுக் குழுமத்தின் கையில். கடையில் ஒருத்தர் என்னிடம், "சார், இது அசல் ஜெர்மன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்க" என்றார். எந்த லாட், அதாவது ஆலையில் ஒரே தடவையாகச் செய்த எந்தத் தொகுதி, என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

நீ பார்க்க வேண்டியது அதைத்தான். லாட் நம்பர்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. பெரிய தோட்டாவில் அடியில் நடுவே தனியாக ஒரு பிரைமர், அதாவது தீப்பற்றவைக்கிற சின்ன மூடி, இருக்கும். சுட்ட பிறகு அதை மாற்றி, மருந்து அளந்து போட்டு, வீட்டிலேயே தன் துப்பாக்கிக்குப் பொருத்தமாகச் செய்துகொள்கிறவர்கள் வெளிநாட்டில் ஏராளம். .22-ல் அது நடக்காது. தட்டினால் தீப்பிடிக்கிற மருந்து பித்தளைக் கேஸின், அதாவது தோட்டாக் கூட்டின், விளிம்புக்குள்ளேயே ஒரு வளையமாக இருக்கிறது. ஈரப் பசையாக உள்ளே வைத்து, கேஸைச் சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் அந்தப் பசை ஓடிப் போகும்படி செய்கிறார்கள். சுற்றிலும் சீராகப் பரவினால் நல்ல தோட்டா. எங்கேயாவது ஒரு துளி இடம் காலியாக விட்டுப் போய், துப்பாக்கியின் ஃபயரிங் பின் சரியாக அதே இடத்தில் தட்டினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும். (அப்படி ஆனால் அரை நிமிடமாவது பாரலை டார்கெட் பக்கமே வைத்திருக்க வேண்டும் என்று நந்தினிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் நீயும் ஒரு தரம் சொல்.) ஆக, ஆலையில் என்ன செய்தார்களோ அதுதான் கடைசி. சுடுகிறவர் கையில் திருத்த ஒன்றும் மிச்சமில்லை. 1887-ல் .22 லாங் ரைஃபிள் வந்த நாளிலிருந்து இதுதான் கதை.

சுற்றிலும் சீராக இல்லாவிட்டால் வெடிக்காமல் போவது மட்டுமல்ல, ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் போகும். மேட்ச் தோட்டா நொடிக்கு 330 மீட்டரை ஒட்டிக் கிளம்புகிறது. 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் பன்னிரண்டு சென்டிமீட்டர் போலக் கீழே விழுகிறது, சைட் அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் ஒரு தோட்டா மட்டும் நொடிக்கு 10 மீட்டர் குறைந்துவிட்டால், கணக்குப் போட்டுப் பார், ஏழு மில்லிமீட்டர் போலக் கீழே இறங்கும். 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். நந்தினி கல் மாதிரி நின்று, மூச்சை நிறுத்தி, ஒரு ஷாட்டின் உச்ச மதிப்பெண்ணான 10.9 சுட வேண்டிய ஷாட் 10.1 ஆகிவிடும். பிள்ளை பாவம், தன் விரல்தான் தப்பு செய்தது என்று நினைத்துக்கொள்ளும். டார்கெட்டில் ஓட்டைகள் இடவலமாக இல்லாமல் மேலும் கீழுமாக ஒரு நேர்கோட்டில் விழுகின்றன என்றால், அவளைத் திட்டுவதற்கு முன்னால் தோட்டாவைச் சந்தேகப்படு.

ஈலி கம்பெனி டெனெக்ஸ், மேட்ச் என்ற தன் ரெண்டு ரகத்தையும் தனித்தனி ரகசியத்தில் செய்வதில்லை. ஒரே மாதிரி செய்து, சுட்டுச் சோதித்து, எந்த லாட் எப்படி வந்ததோ அதற்கேற்றபடி பெயரும் விலையும் வைக்கிறார்கள். லாபுவாவின் மிடாஸ் பிளஸும் சென்டர்-எக்ஸும் அப்படித்தான். ஈலி பெட்டியின் மடிப்பில் லாட் நம்பரோடு அந்த லாட்டின் வேகமும் அடித்திருக்கும். ஆனால் சோதித்தது அவர்களுடைய பாரலில். உன் மகளின் பாரலுக்கு எது பிடிக்கும் என்று பர்மிங்காமில் இருக்கிறவனுக்குத் தெரியாது. விலை உயர்ந்த லாட் சுமாராகவும், நடுத்தர லாட் ஒரே ஓட்டையாகவும் சுடுவதை எங்கள் கிளப்பிலேயே பார்க்கிறோம். அதனால்தான் பெரிய வீரர்கள் ரைஃபிளை எடுத்துக்கொண்டு ஆலைக்கே போகிறார்கள். மரக்கட்டையைக் கழற்றி, பாரலை இரும்புத் தாங்கியில் இறுக்கி, லாட் லாட்டாகப் பத்துப் பத்துச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

நமக்கு அது எட்டாது. அசோசியேஷனில் சரக்கு வந்ததும் ரெண்டு மூன்று லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கு. நந்தினி படுத்து, ரைஃபிளை நல்ல மணல் மூட்டையில் தாங்கி, காற்றில்லாத காலை நேரத்தில் சுடட்டும். ஒரு லாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்து இருபது ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதே. தோட்டாவின் மேல் ஒவ்வொரு கம்பெனி பூசுகிற மெழுகும் வேறு வேறு, பாரல் அதற்குப் பழக வேண்டும். கையில் எடுத்தாலே தெரியும், சிலது விரலில் ஈஷிக்கொள்ளும், சிலது காய்ந்திருக்கும். அதற்காகவே காரின் டிக்கியில் போட்டு மதுரை வெயிலில் நிறுத்தி வைக்காதே, மெழுகு உருகி இறங்கிவிடும். குளிர்நாட்டில் வேறொரு தொல்லை. பூஜ்ய டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 331 மீட்டர்தான், தோட்டாவும் அதே வேகத்தை ஒட்டியே போவதால் ஆட்டம் கண்டுவிடும். நம் ஊர் 35 டிகிரியில் ஒலி 352-க்குப் போய்விடுகிறது, அந்தக் கவலை நமக்கு இல்லை. வெயிலுக்கும் இப்படி ஒரு நல்லது உண்டு.

எதில் ஓட்டைகள் நெருக்கமாக விழுந்து நன்றாகக் குரூப் ஆகிறதோ அந்த லாட்டைப் பணம் உள்ள மட்டும் வாங்கிப் போட்டிக்கு என்று பூட்டி வை. தினசரிப் பயிற்சிக்கு எஸ்.கே. ஸ்டாண்டர்டு பிளஸ் போதும், அதுகூட இல்லாமல் கிளப்பில் கொடுப்பதும் போதும். நீ எழுதியிருக்கிற ஸ்கோரைப் பார்த்தேன். 600-க்கு 545 சுடுகிற பிள்ளைக்கு டெனெக்ஸ் வாங்குவது பணத்தைக் கரியாக்குவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நம் ஸ்வப்னில் குசாலே, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுகிற மூன்று நிலைப் போட்டியில் 590 சுட்டு ஃபைனலுக்குப் போய் 451.4-ல் வெண்கலம் வாங்கினார். அந்த உயரத்தில் லாட் பேசும். 545-ல் முழங்கால் நிலையும் நின்று சுடுவதும்தான் பேசும். விளிம்பு தடிமன் அளக்கிற கருவி வாங்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். வாங்காதே. நல்ல தோட்டாவில் அது நேரப்போக்கு. அந்த நேரத்துக்கு அவள் ரைஃபிளைத் தூக்கி நின்று பழகட்டும்.

என்.சி.சி. காம்பில் நாம் சுட்டபோது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அடியில் கே.எஃப். என்று குத்தியிருந்த கேஸைப் பொறுக்கி எண்ணி ஒப்படைத்தால்தான் ஹவில்தார் டீக்கு விடுவார். ஒன்று குறைந்தால் மொத்தப் பிளாட்டூனும் புல்லில் முட்டி போட்டுத் தேடும். நீ ஒரு தடவை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்களையெல்லாம் தேடவிட்டாயே, அந்தக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இங்கே விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. முட்டி வலி போன மாதிரி இருந்து திரும்ப வந்துவிட்டது. டாக்டர் படியேறாதே என்கிறார், ரேஞ்ச் இருப்பதோ மாடியில். பெரியவனுக்கு ஓசூரில் மாற்றல். தாமோதரன் சார் வீட்டை விற்றுவிட்டார்கள், கேட்டைத் தாண்டும்போது அந்த மாமரம் மட்டும் இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் நந்தினியின் ரைஃபிள் அன்ஷுட்ஸா வால்தரா, புதுசா யாரிடமிருந்தாவது கை மாறியதா, பாரல் எத்தனை ஆயிரம் ஷாட் பார்த்திருக்கும் என்று எழுது. பழைய பாரலானால் லாட் தேடுவதற்கு முன்னால் வேறு சில வேலை இருக்கிறது. அருணிடம் ஷோனபெக் போய் ஆலையை வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல், எனக்குப் பார்க்க ஆசை. உள்ளே போக முயற்சி பண்ண வேண்டாம். தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய், காராச்சேவு ரெண்டு கிலோவாகக் கொண்டு வா, போன தடவை கொண்டு வந்தது பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
ராஜாமணி